சுண்டுவிரலுக்குப் போகும் நரம்பு

1947-இல் செங்கல்பட்டு தொழுநோய் இல்லத்தைப் பார்க்க ஓர் இளம் அறுவை மருத்துவர் வந்தார். பெயர் பால் பிராண்ட். கொல்லிமலையில் பணியாற்றிய மிஷனரித் தம்பதிக்கு 1914-இல் பிறந்தவர். லண்டனில் மருத்துவம் படித்துவிட்டு 1946-இல் வேலூர் சி.எம்.சி.யில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். அவருக்கு இல்லத்தைச் சுற்றிக் காட்டியவர் அக்காலத்தில் பேர்பெற்ற தொழுநோய் மருத்துவர் ராபர்ட் காக்ரேன். வழியில் ஓர் இளைஞர் தரையில் உட்கார்ந்து தன் செருப்பைக் கழற்றப் படாதபாடு பட்டுக்கொண்டிருந்தார். விரல்கள் உள்பக்கம் மடங்கி இறுகியிருந்தன; செருப்பு வாரைப் பிடிக்க முடியவில்லை. பிராண்ட் தன் கையை அந்தக் கைக்குள் வைத்து, முடிந்த மட்டும் அழுத்தச் சொன்னார். பிடியில் வலு இருக்காது என்றுதான் நினைத்தார். இளைஞர் அழுத்தியதில் மருத்துவருக்கு உயிர் போகிற வலி.

ஒரு வாரைப் பற்ற முடியாத கைக்கு அவ்வளவு பலம் எப்படி வந்தது? நோய் கையையே அரித்துத் தின்றிருந்தால் எல்லாத் தசையும் சேர்ந்துதான் செத்திருக்க வேண்டும். சில தசைகள் முழு வலுவோடும், சில அடியோடு செயலற்றும் இருந்தன என்றால் அந்தத் தேர்வுக்கு ஒரு கணக்கு இருந்தாக வேண்டும். அந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டு போனால் நம் உடம்பின் புற நரம்பு மண்டலம் முழுவதையும் ஒரு சுற்று பார்த்துவிடலாம்.

மூளையும் தண்டுவடமும் எலும்புக்குள் பத்திரமாக இருப்பவை. அவற்றிலிருந்து கிளம்பி எலும்புக்கு வெளியே ஓடுகிற எல்லா நரம்புகளும் புற நரம்பு மண்டலத்தைச் சேர்ந்தவை. மூளையோடு சேர்ந்தவை 12 இணை. முகம், கண், காது, நாக்கு, தொண்டை இவற்றைப் பார்த்துக்கொள்பவை பெரும்பாலும் இவைதாம். தண்டுவடத்திலிருந்து கிளம்புபவை 31 இணை: கழுத்தில் 8, மார்பில் 12, இடுப்பில் 5, அதற்குக் கீழே 5, வாலெலும்பருகே 1. கழுத்தெலும்புகள் ஏழுதான், முதல் நரம்பு முதல் எலும்புக்கு மேலேயே வெளியேறிவிடுவதால் நரம்புகள் எட்டாகிவிடுகின்றன.

தண்டுவட நரம்பு ஒவ்வொன்றுக்கும் இரண்டு வேர்கள் உண்டு. பின்பக்க வேர் வழியே செய்திகள் உள்ளே வருகின்றன. முன்பக்க வேர் வழியே கட்டளைகள் வெளியே போகின்றன. பிரான்சில் பிரான்சுவா மகான்டி 1822-இல் நாய்க்குட்டிகளின் வேர்களைத் தனித்தனியே வெட்டிப் பார்த்து இதைச் சொன்னார். பின்வேரை வெட்டினால் கால் அசைந்தது, உணர்வு இல்லை. முன்வேரை வெட்டினால் உணர்வு இருந்தது, கால் துவண்டு கிடந்தது. மயக்க மருந்து இல்லாத காலம் அது. அந்தக் கொடுமைக்காக இங்கிலாந்தில் அவரைக் கடுமையாகக் கண்டித்தார்கள். கண்டித்தது சரி என்றே எனக்கும் படுகிறது. ஆனால் இன்று கால் மரத்துப்போனவரையும் கால் செயலிழந்தவரையும் மருத்துவர் தனித்தனியே அணுக முடிவது அந்த அறிவால்தான்.

வேரிலிருந்து வெளியே வந்ததும் இரு வகை இழைகளும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. நார்களைச் சேர்த்துப் புரியாக்கி, புரிகளை முறுக்கிக் கயிறாக்குவதுபோல, ஆயிரக்கணக்கான நரம்பிழைகள் கட்டுக்கட்டாகச் சேர்ந்து உறைக்குள் உறையாகப் பொதிந்து ஒரு நரம்பு ஆகின்றன. கழுத்தின் கீழ்ப்பகுதியிலிருந்தும் மார்பின் மேல்முனையிலிருந்தும் கைக்கு வருபவை ஐந்து. காரையெலும்புக்குப் பின்னால் அவை ஒன்றோடொன்று கூடி, பிரிந்து, மறுபடி கூடி ஒரு பின்னலாகின்றன. அந்தப் பின்னலிலிருந்து கைவிரல்கள் வரை வருபவை மூன்று பெரிய நரம்புகள். கையின் பின்புறத்துக்கு ஒன்று. கட்டைவிரல் பக்கத்து உள்ளங்கைக்கு நடுநரம்பு. சுண்டுவிரல் பக்கத்துக்கு அல்நார் நரம்பு. நம் கதை இந்த மூன்றாவது நரம்பைப் பற்றியது.

அதை இப்போதே தொட்டுப் பார்க்கலாம். முழங்கையை மடக்குங்கள். உள்பக்கம் ஓர் எலும்பு துருத்திக்கொண்டு நிற்கும். அதற்கும் முழங்கை முனைக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் விரலை வைத்து மெதுவாக உருட்டினால், விரலுக்கடியில் ஒரு தண்டு நழுவும். தசை, கொழுப்பு என்று எந்த மெத்தையும் இல்லாமல் எலும்புக்கும் தோலுக்கும் நடுவே அப்படியே கிடக்கிறது. கதவு விளிம்பில் அந்த இடத்தை இடித்துக்கொண்டால் சுரீரென்று கரண்ட் பாய்கிறது. அந்த மின்னதிர்வைச் சுண்டுவிரலில்தான் உணர்கிறோம், இடிபட்ட இடத்திலல்ல. சுண்டுவிரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த இழைகள் வழியே மூளைக்கு இதுவரை வந்த செய்தியெல்லாம் சுண்டுவிரலிலிருந்தும் அதை ஒட்டிய பாதி மோதிரவிரலிலிருந்தும் வந்தவை. பாதி வழியில் யார் தட்டினாலும் மூளை பழைய முகவரியையே வாசிக்கிறது.

அந்தச் செய்திதான் என்ன? நரம்பிழையின் உட்புறம் வெளிப்புறத்தைவிட சுமார் 70 மில்லிவோல்ட் குறைந்த மின்னழுத்தத்தில் இருக்கிறது. தூண்டல் வந்ததும் இழையின் சவ்விலுள்ள நுண்வாயில்கள் திறந்து சோடியம் அயனிகள் உள்ளே பாய்கின்றன. அடுத்த கணமே பொட்டாசியம் வெளியேறி நிலைமை பழையபடி ஆகிறது. எல்லாம் ஓரிரு மில்லி நொடியில் முடிந்துவிடும். இந்தத் துடிப்பு பக்கத்து இடத்தைத் தூண்ட, அது அதற்கடுத்ததைத் தூண்ட, அலை நகர்கிறது. மயிலிறகு வருடினாலும் சுத்தியல் விழுந்தாலும் ஒரே இழையில் ஓடும் துடிப்பின் உயரம் மாறுவதில்லை. நொடிக்கு எத்தனை துடிப்பு என்பதுதான் மாறுகிறது. எட்கர் ஏட்ரியன் 1920-களில் ஒற்றை இழையின் துடிப்புகளைப் பதிவுசெய்து இதைக் கண்டறிந்தார். உலகின் அத்தனை தொடுகையும் சூடும் வலியும் ஒரேவகைத் துடிப்பாக மாறித்தான் உள்ளே போகின்றன என்பதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு மலைப்பு தீர்வதில்லை.

இந்தத் துடிப்பின் வேகத்தை அளக்கவே முடியாது என்று நினைத்தவர் ஜெர்மனியின் பெரும் உடலியல் அறிஞர் யோஹானஸ் முல்லர். அவருடைய மாணவர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1850-இல் தவளையின் கால் தசையையும் அதன் நரம்பையும் வைத்து அளந்துவிட்டார். நொடிக்கு ஏறத்தாழ 30 மீட்டர். ஒளி வேகமோ மின்னல் வேகமோ என்று கற்பனை செய்திருந்தவர்களுக்கு இது ஏமாற்றமாக இருந்திருக்கும். நினைத்த மாத்திரத்தில் விரல் அசைகிறது என்கிறோம். அந்த மாத்திரைக்கு ஓர் அளவு உண்டு என்பது அன்றுதான் தெரிந்தது.

பிறகு தெரிந்தது, எல்லா இழைக்கும் ஒரே வேகம் கிடையாது என்று. பருமனான இழைகளைச் சுற்றி ஷ்வான் செல்கள் என்ற துணைச்செல்கள் கொழுப்புச் சவ்வைப் பல அடுக்காகச் சுற்றி வைத்திருக்கின்றன. இதுதான் மயலின் உறை. ஒரு செல் ஒரு மில்லி மீட்டர் அளவுக்குத்தான் சுற்றும். அடுத்த செல் தொடங்குமுன் ஒரு சின்ன இடைவெளி. துடிப்பு ஊர்ந்து போகாமல் ஓர் இடைவெளியிலிருந்து அடுத்த இடைவெளிக்குத் தாவுகிறது. தொடுகையைச் சுமக்கும் உறையிட்ட இழைகளில் வேகம் நொடிக்கு 50 மீட்டரைத் தொடும். தசை நீட்சியைச் சொல்லும் இழைகளில் 100 மீட்டர்கூட உண்டு. உறையில்லாத மெல்லிய இழைகளில் நொடிக்கு ஒரு மீட்டர்தான், அதாவது நாம் நடக்கும் வேகம்.

வாசற்படியில் கால்விரலை இடித்துக்கொள்ளும்போது இந்த வேக வேறுபாட்டை எல்லோரும் அனுபவிக்கிறோம். இடித்தது தெரிகிறது, கூடவே ஊசி குத்தியதுபோல ஒரு கூர்மையான வலி, அப்பாடா, பெரிதாக ஒன்றுமில்லை என்று நினைப்பதற்குள், விண்ணென்று தெறிக்கும் அந்த இரண்டாவது வலி வந்து நிற்க விடாமல் செய்கிறது. விரலிலிருந்து தண்டுவடத்துக்குச் சுமார் ஒரு மீட்டர். தொடுகை ஐம்பதில் ஒரு நொடியில் போய்ச் சேர்ந்துவிட்டது; மெல்லிய உறையிட்ட இழைகளின் கூர்வலி பதினைந்தில் ஒரு நொடி வாக்கில்; உறையில்லாத இழைகளின் வலிக்கு ஒரு முழு நொடி ஆயிற்று. உடனே நாம் அந்த இடத்தைப் பரபரவென்று தேய்க்கிறோம். அதிலும் காரணம் இருக்கிறது. தேய்ப்பதால் எழும் தொடுகைச் செய்திகள் தண்டுவடத்திலேயே வலிச் செய்தியை ஓரளவு மட்டுப்படுத்துகின்றன. மெல்சாக், வால் என்ற இருவர் 1965-இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். நம் வீட்டுப் பெரியவர்களின் கைக்கு அது முன்னாலேயே தெரியும்.

இழையின் நுனியில் என்ன இருக்கிறது என்பதும் இப்போது நன்றாகத் தெரிந்திருக்கிறது. வலியிழைகளின் நுனியிலுள்ள ஒரு புரதம் சுமார் 43 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் திறந்துகொள்கிறது. மிளகாயிலுள்ள காரப்பொருள் பட்டாலும் அதே புரதம் திறந்துகொள்கிறது. காரம் சாப்பிட்டால் வாய் 'எரிகிறது' என்று நாம் சொல்வது நரம்பின் கணக்கில் நூற்றுக்கு நூறு உண்மை. இதைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸுக்கும், அழுத்தத்தை உணரும் புரதங்களைக் கண்டறிந்த ஆர்டெம் படாபூட்டியனுக்கும் 2021-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இனி செங்கல்பட்டு இளைஞரின் கைக்கு வரலாம்.

தொழுநோய்க் கிருமி மிக மெதுவாகப் பெருகுவது; ஒன்று இரண்டாகவே பன்னிரண்டு நாளுக்கு மேல் ஆகும். அதற்குப் பிடித்த வீடு, மேலே சொன்ன ஷ்வான் செல். அதற்குப் பிடித்த வெப்பம், நம் உடம்பின் உள்வெப்பமான 37 டிகிரியைவிடச் சில டிகிரி குறைவு. ஆகவே குளிர்ச்சியான இடங்களில்தான் அது தழைக்கிறது. இறந்த நோயாளிகளின் நரம்புகளை முழு நீளத்துக்கும் பிரித்துப் பார்த்த பிராண்ட் குழுவினர், வீக்கம் குறிப்பிட்ட சில இடங்களில் மட்டும் இருப்பதைக் கண்டார்கள்: முழங்கை, மணிக்கட்டு, முழங்கால், கணுக்கால் ஆகியவற்றை ஒட்டி, நரம்பு தோலுக்கு அருகே வந்து குளிரும் இடங்கள். தசைகளுக்கடியில் ஆழமாக, கதகதப்பாக ஓடும் இடங்களில் அதே நரம்பு நன்றாகவே இருந்தது.

கைவிரலை மடக்கும் பெரிய தசைகள் விரலிலும் இல்லை, உள்ளங்கையிலும் இல்லை. அவை முன்கையில் இருக்கின்றன. நீண்ட தசைநாண்கள் வழியே விரலை இழுக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் கட்டளை தருவது நடுநரம்பு. அதுவும் முன்கையின் ஆழத்தில் ஓடும்போதே தருகிறது. நோய் அங்கே எட்டவில்லை. உள்ளங்கைக்குள் இருக்கும் சிறு தசைகளில் பெரும்பாலானவை அல்நார் நரம்பின் பொறுப்பு. விரலை அடிமூட்டில் மட்டும் மடக்கி நுனியை நேராக வைத்திருப்பது, விரல்களை விரித்துச் சேர்ப்பது, ஒரு சிட்டிகை உப்பு எடுப்பது என்று கையின் நுட்பமான வேலைகள் அவற்றைச் சார்ந்தவை. முழங்கையில் அல்நார் நரம்பும் மணிக்கட்டில் நடுநரம்பும் வீங்கிச் சிதைந்தபோது அந்தச் சிறு தசைகள் ஒட்டுமொத்தமாக ஓய்ந்துவிட்டன. எதிர்க்க ஆளில்லாததால் முன்கைத் தசைகள் விரல்களைச் சுருட்டிவிட்டன. அந்த இளைஞருக்கு இறுக்கிப் பிடிக்க முழு பலம் இருந்தது. விரலை நீட்டி ஒரு பொருளைச் சுற்றிக் கொண்டுவர வழியில்லை.

காரணம் தெரிந்ததும் மாற்று வழியும் தெரிந்தது. விரலை மடக்க, கட்டைவிரல் தவிர மற்ற ஒவ்வொரு விரலுக்கும் இரண்டு தசைநாண்கள் உண்டு. ஒன்றைக் கடன் வாங்கலாம். நல்ல நிலையிலுள்ள ஒரு தசையின் நாணைப் பிரித்தெடுத்து, சிறு தசைகள் செய்த வேலைக்குப் பொருத்தித் தைத்தார்கள். வேலூரில் நடந்த இந்த அறுவைகளால் பலர் பேனா பிடித்தார்கள், தச்சு வேலை செய்தார்கள், தங்கள் கையால் சோறு பிசைந்து சாப்பிட்டார்கள். மோதிரவிரலை மடக்கிக்கொண்டிருந்த தசை இனி வேறொரு வேலையைச் செய்ய வேண்டும் என்பதை மூளை கொஞ்ச நாளில் கற்றுக்கொண்டது.

ஆனால் கைகள் வேலை செய்யத் தொடங்கியதும் புண்கள் வந்தன. தொழுநோய்ச் சதை தானாக அழுகும் என்பதுதான் அன்றைய நம்பிக்கை. பிராண்ட் அதை ஏற்கவில்லை. ஒவ்வொரு புண்ணும் எப்படி வந்தது என்று நோயாளிகளோடு சேர்ந்து விடாமல் துப்பறிந்தார்கள். அடுப்பிலிருந்து சூடான பாத்திரத்தை இறக்கியது, சுத்தியல் பிடியில் நீட்டிக்கொண்டிருந்த சிம்பு என்று ஒவ்வொன்றுக்கும் வெளிக்காரணம் கிடைத்தது. துருப்பிடித்த பூட்டில் சாவியைத் திருகிய ஒரு சிறுவன் தன் விரல் எலும்பு வரை வெட்டுப்பட்டதை அறியவேயில்லை. சிலருக்கு இரவில் விரலின் ஒரு பகுதியே காணாமல் போயிற்று. காத்திருந்து பார்த்ததில், தூங்கும்போது எலி கடித்துக்கொண்டிருந்தது தெரிந்தது. அதற்குப் பிறகு அங்கிருந்து வீடு திரும்பியவர்களுக்குப் பூனை கொடுத்தனுப்பினார்கள். புண்ணுக்குக் கட்டுப்போட்டு அசையாமல் வைத்தால் அது மற்றவர்களுக்கு ஆறுவதுபோலவே ஆறியது. சதையில் கோளாறில்லை, காயத்தைச் சொல்லும் இழைகள்தாம் இல்லை. நூற்றாண்டுகளாக ஒரு நோயாளிக் கூட்டத்தை ஊருக்கு வெளியே தள்ளி வைத்த அருவருப்புக்குப் பின்னால் இருந்தது நரம்பு இழந்த வலி என்பதை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

அந்தக் கைகளின் தோல் வறண்டு வெடித்தும் இருந்தது. அதுவும் நரம்பின் வேலைதான். உணர்வு, இயக்கம் இவற்றோடு மூன்றாவது வகை இழைகளும் அல்நார் நரம்புக்குள் பயணம் செய்கின்றன. நம் விருப்பத்தைக் கேட்காமல் வியர்வையையும் இரத்தக்குழாய்களையும் கவனிக்கும் தானியங்கு நரம்பு மண்டலத்தின் இழைகள் அவை. நரம்பு அறுந்தால் அந்தப் பகுதியில் வியர்க்காது. இன்னொரு வியப்பு: வெகுநேரம் தண்ணீரில் ஊறினால் விரல் நுனி சுருங்குகிறதே, அது தோல் ஊறுவதால் மட்டும் வருவதில்லை. நரம்பு அறுந்த விரல் எவ்வளவு ஊறினாலும் சுருங்காது. பேசத் தெரியாத குழந்தைக்கு விரலில் வெட்டுப்பட்டால் நரம்பு தப்பியதா என்று பார்க்க இது மருத்துவருக்கு உதவும். இதே மண்டலத்தின் மற்றொரு பிரிவைச் சேர்ந்த வேகஸ் நரம்பு மண்டையோட்டிலிருந்து இறங்கி இதயத்தை மெதுவாக்கி, வயிறு வரை போகிறது. குடல் சுவருக்குள் பத்துக் கோடி அளவுக்கு நரம்பு செல்கள் தமக்குள் பேசிக்கொண்டு செரிமானத்தை நடத்துகின்றன. அது தனிக் கட்டுரைக்குரிய உலகம்.

புற நரம்புக்கு ஒரு கொடுப்பினை உண்டு: வெட்டுப்பட்டால் மீண்டும் வளரும். மூளைக்கும் தண்டுவடத்துக்கும் இந்த வாய்ப்பு மிகக் குறைவு. செல்லின் உடல் தண்டுவடத்திலோ அதன் ஓரத்து முடிச்சிலோ உயிரோடு இருக்க, வெட்டுக்கு அப்பால் உள்ள இழை சிதைந்துபோகிறது. ஷ்வான் செல்கள் குப்பையை அகற்றி, வரிசையாக நின்று பாதை போட்டுக் கொடுக்கின்றன. அந்தப் பாதையில் புதிய முளை ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மில்லி மீட்டர் வளர்கிறது. முழங்கையில் அறுந்தால் சுண்டுவிரலை எட்ட ஓராண்டுக்கு மேல் ஆகலாம். அதற்குள் தசை காத்திருந்து காத்திருந்து நாராகிவிடக்கூடும் என்பதால்தான் நரம்பு வெட்டுக்கு உடனே வரச் சொல்கிறார்கள். தொழுநோய்க்கும் இதே அவசரம். கூட்டு மருந்து சிகிச்சை வந்த 1980-களுக்குப் பிறகு நோயை முற்றிலும் குணப்படுத்த முடிகிறது. ஆனால் போன நரம்பை மாத்திரை திருப்பித் தராது. உலகில் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டறியப்படுவோரில் பாதிக்கு மேல் இன்றும் இந்தியர்கள். உணர்வில்லாத வெளிர் தேமல் ஒன்று இருந்தால் வெட்கப்படாமல் காட்டிவிட வேண்டும்.

1966-இல் பிராண்ட் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கே செயற்கை வலி ஒன்றை உண்டாக்க அவருடைய குழு பல ஆண்டுகள் முயன்றது. கையுறையில் அழுத்தம் உணரும் கருவிகளைப் பொருத்தி, அபாயம் வந்தால் காதில் ஒலி எழும்படி செய்தார்கள். நோயாளிகள் ஒலியைக் கேட்டார்கள். கையிலிருந்த வேலையை முடித்துவிட்டே எடுத்தார்கள். ஒலிக்குப் பதில், உணர்வுள்ள அக்குளில் மின்னதிர்ச்சி கொடுத்துப் பார்த்தார்கள். வேலைக்கு இடைஞ்சலாக இருந்தபோது இணைப்பைத் துண்டித்துவிட்டுத் தொடர்ந்தார்கள். அலட்சியம் செய்ய முடிகிற எச்சரிக்கை பயன்படவில்லை. கருவிகள் அடிக்கடி பழுதாயின, செலவோ ஏராளம். கடைசியில் திட்டத்தைக் கைவிட்டார்கள்.

ஆனால் உணர்விழந்த கை கால்களைப் பற்றித் தொழுநோயாளிகளிடம் கற்றதன் பலன் இன்று வேறு பலரைக் காக்கிறது. சர்க்கரை நோய் நீடித்தால் பழுதாவது முதலில் மிக நீளமான இழைகள். தேவையான புரதமெல்லாம் முதுகருகே உள்ள செல்லின் உடலில் தயாராகி, ஒரு மீட்டர் தூரம் பயணம் செய்து பாதத்தை எட்ட வேண்டும்; கோளாறு எங்கே வந்தாலும் கடைக்கோடிதான் முதலில் பட்டினி கிடக்கும். பாதத்தில் எரிச்சல், பிறகு மதமதப்பு. பஞ்சு மேல் நடக்கிற மாதிரி இருக்கிறது என்பார்கள். செருப்பு நழுவிப் போனதே தெரியவில்லை, வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன் என்று சொல்பவர்களும் உண்டு. மருத்துவர் கண்ணை மூடச் சொல்லி, 10 கிராம் விசையில் வளையும் ஒரு நைலான் இழையால் பாதத்தில் ஆங்காங்கே தொடுவார். தொட்டது தெரியாவிட்டால் அந்தப் பாதம் ஆபத்தில் இருக்கிறது. அப்படிப்பட்டவர்கள் வாங்கும் எம்.சி.ஆர். செருப்பின் மெத்தென்ற ரப்பர் அடி, தொழுநோயாளிகளின் பாதங்களுக்காகப் பயன்பாட்டுக்கு வந்தது. அதைப் போடும் முன் ஒவ்வொரு தடவையும் கவிழ்த்துத் தட்ட வேண்டும், உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். இரவில் படுக்கும் முன் பாதத்தின் அடியைக் கண்ணாடி வைத்தாவது, வீட்டில் யாரையாவது கூப்பிட்டாவது பார்த்துவிட வேண்டும்.